ஒளியின் ஓரியல் தன்மையையும் தளவிளைவையும் குறுக்கீட்டுமானி கொண்டு அளப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒளிக்கற்றை ஒன்றைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். ஓர் இடத்தில் ஒரு கணத்தில் அதன் அலை எப்படி இருக்கிறது என்று தெரிந்தால், சற்று நேரம் கழித்தோ சற்றுத் தள்ளியோ அது எப்படி இருக்கும் என்று சொல்ல முடியுமா என்பது முதல் கேள்வி. அதே இடத்தில் அதே கணத்தில் அதன் கிடைமட்ட அதிர்வு தெரிந்தால் செங்குத்து அதிர்வைச் சொல்ல முடியுமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கான விடையை ஓரியல் தன்மை என்றும் இரண்டாவதற்கான விடையைத் தளவிளைவு என்றும் பாடநூல்கள் வெவ்வேறு பாடங்களில் வைத்திருந்தாலும், இரண்டுமே இரு அதிர்வுகளுக்கு இடையிலான தொடர்பைத்தான் கேட்கின்றன. ஆகவே இரண்டையும் ஒரே கருவியால், ஒரே அளவைக் கொண்டு அளந்துவிடலாம். அந்த அளவு, இரு கற்றைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது பொலிவும் கருமையுமாக மாறி மாறித் தோன்றும் குறுக்கீட்டுப் பட்டைகளின் தெளிவு.

முதுகலை இயற்பியல் ஆய்வகத்தில் கிடைக்கக்கூடிய கருவிகளைக் கொண்டே இந்த அளவீடுகளைச் செய்யும் முறை கீழே படிப்படியாகத் தரப்படுகிறது. முதல் நான்கு படிகள் ஆயத்தம். அவற்றைத் தாண்டிக் குதித்தால் பின்னால் வரும் எண்கள் ஒன்றுக்கும் உதவா.

அளக்கப்படுவது என்ன

பொலிவுப்பட்டையின் செறிவிலிருந்து கருமைப்பட்டையின் செறிவைக் கழித்து, அதை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது பட்டைத் தெளிவு. கருமைப்பட்டை முற்றிலும் இருண்டிருந்தால் அது 1. பட்டைகளே தெரியாமல் திரை முழுதும் ஒரே சீராக ஒளிர்ந்தால் 0. சமச் செறிவுள்ள இரு கற்றைகள் ஒரே தளத்தில் அதிர்ந்து குறுக்கிடும்போது, இந்த எண் அவ்விரு கற்றைகளின் ஓரியல் அளவுக்கு நேரடியாகச் சமம். ஆல்பர்ட் மைக்கல்சன் 1890களின் தொடக்கத்தில் இந்த ஓர் எண்ணை மட்டும் பாதை வேறுபாட்டுக்கு (இரு கற்றைகளும் கடந்த தொலைவுகளின் வேறுபாட்டுக்கு) எதிராக வரைந்தே, காட்மியத்தின் 643.8 நானோமீட்டர் சிவப்பு வரி தாம் ஆராய்ந்த வரிகளில் மிகக் குறுகலானது என்று கண்டறிந்து, பாரிஸ் அருகே செவ்ரேயில் மீட்டரை அந்த அலைநீளத்தால் அளக்கவும் செய்தார். ஒளிமின் உணரிகளும் மின்னணுக் கேமராக்களும் வருவதற்கு முன்பு, பட்டைத் தெளிவை அவர் கண்ணால் மதிப்பிட்டார் என்பதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

படி 1: கருவிகளைத் திரட்டுதல்

மைக்கல்சன் குறுக்கீட்டுமானி (ஒளியைப் பிரித்து இரு கரங்களில் செலுத்தி, ஆடிகளால் திருப்பி மீண்டும் ஒன்றுசேர்க்கும் கருவி) ஒன்று, 632.8 நானோமீட்டர் ஹீலியம்–நியான் லேசர், சோடியம் ஆவி விளக்கு, சிவப்பு எல்இடி, மூன்று தளவிளைவாக்கிகள் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை), நிறமாலைப் பணிக்கு ஏற்ற எளிய கருப்பு வெள்ளைக் கேமரா ஆகியவை அடிப்படைத் தேவை. தளவிளைவு அளவீட்டுக்கு மட்டும் தளவிளைவுக் கற்றைப் பிரிப்பான் கனசதுரம் ஒன்று, சாதாரணக் கற்றைப் பிரிப்பான் கனசதுரம் ஒன்று, ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பும் அரை அலைத் தகடுகள் இரண்டு, மின்னழுத்தம் தந்தால் நுண்ணளவு நகரும் பீசோ மின்படிகத்தின் மேல் ஏற்றிய ஆடி ஒன்று ஆகியவை கூடுதலாக வேண்டும். லேசரின் திறன் 1 மில்லிவாட் போதும். அதற்கு மேல் இருந்தால் கேமராவுக்கும் கண்ணுக்கும் ஆபத்தே தவிர அளவீட்டுக்கு நன்மை எதுவும் இல்லை. பளபளக்கும் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

கற்றைப் பிரிப்பான் கண்ணாடித் தகடாக இருந்தால், ஒரு கற்றை அதன் தடிமன் வழியே மூன்று முறையும் மற்றொன்று ஒரு முறையும் செல்லும். இதைச் சமன்செய்ய அதே தடிமனுள்ள ஈடுசெய் தகடு மற்றக் கரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். லேசருக்கு இது இல்லாவிட்டாலும் பட்டைகள் தெரியும். எல்இடிக்கு அவை மங்கிவிடும், வெள்ளொளிக்குக் காண்பது மிகக் கடினம்.

படி 2: சீரமைத்தலும் சுழிப் பாதை வேறுபாட்டைக் கண்டறிதலும்

லேசர் கற்றையை விரிக்காமல் அப்படியே செலுத்தினால் திரையில் இரு தொகுதிப் புள்ளிகள் விழும். ஆடியின் திருகுகளைச் சுழற்றி இரு தொகுதிகளிலும் மிகப் பொலிவான புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்த வேண்டும். பிறகு லேசருக்கு முன் குறுங்குவியத் தூர வில்லை ஒன்றை வைத்துக் கற்றையை விரித்தால் வட்டப் பட்டைகள் தோன்றும். நகரும் ஆடியை மெல்ல நகர்த்தும்போது வட்டங்கள் மையத்தில் புகுந்து மறைந்து, எஞ்சியவை பெரிதாகி எண்ணிக்கையில் குறைந்துகொண்டே போனால், பாதை வேறுபாடு சுழியை நெருங்குகிறது என்று பொருள். ஆடியைச் சற்றே சாய்த்துப் பட்டைகளை வளைகோடுகளாக வைத்துக்கொண்டால் இன்னும் எளிது: வளைவு எந்த இடத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திரும்புகிறதோ அதுவே சுழிப் புள்ளியின் அண்மை.

அந்த அண்மையை அடைந்ததும் லேசரை நீக்கிச் சோடியம் விளக்கையும், அதன் பட்டைகள் மிகத் தெளிவாக இருக்கும் இடத்தில் எல்இடியையும், அதற்குப் பிறகே வெள்ளொளியையும் வைக்க வேண்டும். வெள்ளொளியின் ஓரியல் நீளம் (பட்டைகள் மறைந்துவிடாத பாதை வேறுபாட்டின் எல்லை) ஓரிரு மைக்ரோமீட்டர்தான் என்பதால், நேரடியாக அதைக் கொண்டு தேடுபவர்கள் திருகை ஒருமுறை வேகமாகச் சுழற்றியதிலேயே பட்டைகளைக் கடந்து போய்விடுவார்கள். வண்ணப் பட்டைகள் தோன்றிய இடத்தின் அளவுகோல் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். இனி எல்லாப் பாதை வேறுபாடுகளும் அங்கிருந்தே எண்ணப்படும்.

அளவுகோலையும் இப்போதே சரிபார்க்கலாம். லேசரின் 100 பட்டைகள் கடந்து செல்லும்போது ஆடி 31.64 மைக்ரோமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். ஆடி நகர்ந்த தொலைவைப் போல் இருமடங்கே பாதை வேறுபாடு என்பதை மறந்து இறுதி விடையில் இரண்டு மடங்கு பிழை வருவது, இந்தச் சோதனையில் மிகவும் பரவலான பிழை.

படி 3: கேமராவை நம்பத்தக்கதாக்குதல்

கேமராவின் தானியங்கி ஒளியளவுச் சீரமைப்பையும், மாறுபாட்டைக் கூட்டிக் காட்டும் வசதிகளையும் முற்றிலும் அணைத்துவிட்டு, செறிவுக்கு நேர்விகிதத்தில் எண் தரும் நிலையில் அதை வைக்க வேண்டும். எந்தப் படப்புள்ளியும் உச்சவரம்பைத் தொட்டுத் தேங்கக் கூடாது. ஒளிமூலத்தை மறைத்து ஓர் இருட்டுப் படம் எடுத்து, ஒவ்வோர் அளவீட்டிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். உண்மையான பொலிவு 200, கருமை 20 என்றால் பட்டைத் தெளிவு 0.82, இருட்டுப் பின்னணி 16 அலகுகளைக் கழிக்காமல் விட்டால் அதே பட்டைகளுக்கு 0.71 என்று வரும்.

ஒரு பட்டையின் அகலத்துக்குள் குறைந்தது 10 படப்புள்ளிகளாவது அமையும்படி ஆடியின் சாய்வைக் குறைக்க வேண்டும். 4 புள்ளிகள் மட்டுமே இருந்தால், ஒவ்வொரு புள்ளியும் தன் பரப்புக்குள் விழும் ஒளியைச் சராசரியாக்குவதாலேயே தெளிவு 10 விழுக்காடு குறைந்துவிடும்; 10 புள்ளிகளில் அந்த இழப்பு 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

கணக்கிடும்போது மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறிய எண்ணையும் பொறுக்கி எடுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். இரைச்சல் இருக்கும் படத்தில் அவ்விரண்டும் எப்போதும் உண்மையைவிட அதிகத் தொலைவில் விலகி நிற்கும். அதனால் பட்டையே இல்லாத இடத்திலும் தெளிவு 0.05, 0.1 என்று ஏதோ ஒன்று வரும். மாறாக, செறிவு வரைகோட்டின் மீது கொசைன் வளைகோட்டைப் பொருத்தி, அதன் வீச்சைச் சராசரியால் வகுக்க வேண்டும். ஓரியல் நீளத்தின் எல்லையைத் தேடும்போது, அதாவது தெளிவு மிகக் குறைந்திருக்கும்போது, இந்த வேறுபாடுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

படி 4: தெளிவைக் குறைக்கும் மற்றக் காரணங்களைக் கணக்கில் எடுத்தல்

பட்டைகள் மங்கினால் உடனே ஒளியின் ஓரியல் தன்மை குறைவு என்று முடிவுகட்டுவது எளிது. ஒளியின் மேல் பழி போடுமுன் கருவியை விசாரிக்க வேண்டும்.

முதலாவது, கற்றைகளின் செறிவுச் சமனின்மை. இரு செறிவுகளின் பெருக்கலின் வர்க்கமூலத்தைப் போல் இருமடங்கை, செறிவுகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண்தான், முழு ஓரியல் ஒளிக்கே கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த தெளிவு. 1:2 விகிதத்தில் அது 0.94, 1:4 விகிதத்தில் 0.8, 1:10 விகிதத்தில் 0.57. இந்தப் பட்டியல் ஒரு வகையில் ஆறுதலளிக்கிறது. செறிவுகள் இருமடங்கு வேறுபட்டாலும் பெரிய இழப்பில்லை. மைக்கல்சன் அமைப்பில் திரைக்கு வரும் இரு கற்றைகளும் பிரிப்பானில் ஒருமுறை எதிரொளித்து ஒருமுறை ஊடுருவியே வருவதால் சமன் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. எனினும் ஒவ்வொரு கரத்தையும் தனித்தனியே மறைத்து, இரு செறிவுகளையும் அளந்து, மேற்சொன்ன எண்ணால் தெளிவை வகுத்துத் திருத்துவதே முறை.

இரண்டாவது, இரு கற்றைகளின் அதிர்வுத் தளங்களுக்கு இடையிலான கோணம். நேர்கோட்டுத் தளவிளைவுற்ற இரு கற்றைகளின் தளங்கள் ஒன்றுக்கொன்று சாய்ந்திருந்தால், அந்தக் கோணத்தின் கொசைன் அளவுக்குத் தெளிவு குறையும். 90 பாகையில் அது சுழி. ஆடிகளிலும் பிரிப்பானிலும் சாய்வாகப் படும் ஒளியின் தளம் தன்னையறியாமல் திரும்பக்கூடும் என்பதால், நுழையும் ஒளியைக் கிடைமட்டத்திலோ செங்குத்திலோ அமைத்துவிட்டு, வெளியேறும் இடத்தில் குறுக்காக வைத்த தளவிளைவாக்கி ஒவ்வொரு கரத்தின் ஒளியையும் முழுதாக மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அதிர்வு. ஆடி 30 நானோமீட்டர் சராசரி வீச்சில் நடுங்கினால் பாதை 60 நானோமீட்டர் நடுங்கும். லேசரின் அலைநீளத்தில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கேமராவின் ஒளியேற்பு நேரம் அந்த நடுக்கத்தைவிட நீண்டதாக இருந்தால் தெளிவு 0.84 ஆகக் குறையும். ஒளியேற்பு நேரத்தைப் பாதியாக்கிப் பார்த்தால் தெளிவு கூடுகிறதா என்பதே இதற்கான சோதனை. கூடினால் குற்றம் மேசையினுடையது. மின்விசிறியை நிறுத்திவிட்டு அளப்பது கோடையில் துன்பம்தான், வேறு வழியில்லை.

படி 5: காலவழி ஓரியல் தன்மையை அளத்தல்

இனி ஆடியைச் சுழிப் புள்ளியிலிருந்து சிறு சிறு படிகளாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் தெளிவைக் கண்டு, பாதை வேறுபாட்டுக்கு எதிராக வரைய வேண்டும். சிவப்பு எல்இடியின் மைய அலைநீளம் 630 நானோமீட்டர், நிறமாலை அகலம் 20 நானோமீட்டர் என்றால், அலைநீளத்தின் வர்க்கத்தை அகலத்தால் வகுக்கக் கிடைப்பது சுமார் 20 மைக்ரோமீட்டர். நிறமாலை மணிவடிவில் இருந்தால், இந்த எண்ணில் 0.44 பங்கு பாதை வேறுபாட்டில், அதாவது 9 மைக்ரோமீட்டருக்குச் சற்று முன்னதாக, தெளிவு பாதியாகும். சுழியின் இருபுறமும் 14 பட்டைகளுக்குள் இது நடந்துவிடுகிறது. ஓரியல் நீளம் என்று எழுதும்போது தெளிவு பாதியாகும் இடத்தைச் சொல்கிறோமா, அலைநீள வர்க்கத்தை அகலத்தால் வகுத்த எண்ணைச் சொல்கிறோமா என்பதைக் கூடவே எழுதியாக வேண்டும். இரண்டுக்கும் இடையே இரு மடங்குக்கு மேல் வேறுபாடு உண்டு. நூல்களும் இதில் ஒருமைப்பட்டு எழுதுவதில்லை.

சோடியம் விளக்கு வேறு கதை சொல்கிறது. அதன் மஞ்சள் ஒளி 589.0, 589.6 நானோமீட்டர் என்ற இரு வரிகளால் ஆனது. ஆடி நகரும்போது ஒரு வரியின் பொலிவுப்பட்டை மற்றதன் கருமைப்பட்டை மேல் விழும் இடங்களில் தெளிவு தாழ்ந்து, மீண்டும் உயரும். அடுத்தடுத்த இரு தாழ்வுகளுக்கு இடையே ஆடி நகரும் தொலைவு 0.29 மில்லிமீட்டர், சராசரி அலைநீளத்தின் வர்க்கத்தை இந்தத் தொலைவைப் போல் இருமடங்கால் வகுத்தால் வரிகளின் இடைவெளி 0.6 நானோமீட்டர் என்று கிடைக்கும். ஒரே ஒரு தாழ்வின் இடத்தைக் கண்ணால் தீர்மானிப்பது கடினம் என்பதால், பத்துத் தாழ்வுகளை எண்ணி வகுப்பதே நல்லது. தாழ்விலும் தெளிவு சுழியைத் தொடாது. இரு வரிகளின் செறிவும் சமமாக இல்லாததே காரணம். ஒன்று மற்றதைப் போல் இருமடங்கு பொலிவாக இருந்தால் தாழ்வில் தெளிவு மூன்றில் ஒன்று.

தெளிவு வரைகோட்டிலிருந்து நிறமாலையை அப்படியே மீட்டெடுத்துவிடலாம் என்று எண்ணுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1892இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு மைக்கல்சனுக்கு எழுதிய கடிதத்திலேயே சுட்டிக்காட்டியது இது: நிறமாலை சமச்சீராக இல்லாதபோது, பட்டைகளின் தெளிவு மட்டும் போதாது, அவற்றின் இடப்பெயர்வும், அதாவது கட்டமும், தெரிய வேண்டும். சோடியத்தில் வலிமை மிக்க வரி இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெளிவு வரைகோடு ஒருபோதும் சொல்லாது.

படி 6: லேசரின் ஓரியல் நீளமும் தளவிளைவாக்கி செய்யும் மாற்றமும்

ஓரியல் தன்மையும் தளவிளைவும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதை முதன்முதலில் கண்ணால் காட்டுவது இந்தப் படி என்பதால், நேரம் குறைவாக இருப்பவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது.

ஒளியின் அதிர்வுத் தளம் ஒன்றில் நிலைநிறுத்தப்படாத, ஆடிகளின் இடைத்தூரம் சுமார் 15 சென்டிமீட்டர் உள்ள சிறிய ஹீலியம்–நியான் லேசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒளி ஒரே அதிர்வெண்ணில் வருவதில்லை. ஆடிகளுக்கிடையே நிலைகொள்ளும் தனித்தனி அதிர்வெண்களான மோடுகளின் இடைவெளி 1 கிகாஹெர்ட்ஸ். நியான் வாயு ஒளியைப் பெருக்கும் பட்டையின் அகலம் சுமார் 1.5 கிகாஹெர்ட்ஸ், ஆகவே பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ மோடுகள் மட்டுமே உயிரோடு இருக்கும். இவ்வகைக் குழாய்களில் அடுத்தடுத்த மோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் அதிர்கின்றன.

நகரும் ஆடியை மைக்ரோமீட்டர் திருகின் எல்லைக்குள் வைத்திருந்தால் இங்கு எதுவும் தெரியாது. ஆடியை ஒளியியல் தண்டவாளத்தின் மேல் ஏற்றி, சில சென்டிமீட்டர் இடைவெளிகளில் பின்னால் நகர்த்திச் சீரமைத்து, ஒவ்வோர் இடத்திலும் தெளிவை அளக்க வேண்டும். இரு மோடுகளும் சமச் செறிவில் இருக்கும் கணத்தில், பாதை வேறுபாடு 15 சென்டிமீட்டரை எட்டும்போது, அதாவது ஆடி 7.5 சென்டிமீட்டர் பின்சென்றிருக்கும்போது, தெளிவு சுழியாகிறது. 30 சென்டிமீட்டரில் மீண்டும் முழுதாக உயிர்பெறுகிறது. சோடியத்தின் கதைதான் இது, பல நூறு மடங்கு பெரிய அளவில்.

பட்டைகள் மறைந்திருக்கும் அந்த 15 சென்டிமீட்டர் நிலையிலேயே லேசருக்கு முன்னால் தளவிளைவாக்கியை வைத்துச் சுழற்றுங்கள். அது ஒரு மோடின் தளத்துக்கு இணையாக வந்ததும், மங்கிக் கிடந்த திரையில் பட்டைகள் தெளிவாக எழும். 45 பாகை திருப்பினால் இரு மோடுகளும் சம அளவில் நுழைந்து பட்டைகள் மறுபடியும் மறையும். 90 பாகையில் மற்ற மோடின் பட்டைகள், முன்பு பொலிவு இருந்த இடத்தில் கருமையாகத் தோன்றும். ஒளியில் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓரியல் நீளத்தைப் பல மடங்கு கூட்டிக்கொண்டோம்.

குழாய் சூடாகும்போது அதன் நீளம் கூடி மோடுகள் பெருக்கப் பட்டையின் ஊடே நகர்வதால், லேசரைப் போட்ட முதல் அரைமணி நேரத்தில் இரு தளங்களின் செறிவுகளும் மாறி மாறி ஏறி இறங்கும். தளவிளைவுக் கற்றைப் பிரிப்பானால் இரு மோடுகளையும் பிரித்து இரு உணரிகளில் விழச்செய்து, இரண்டும் சமமாக உள்ள கணத்தில் மட்டும் படமெடுத்தால் அளவீடு மீண்டும் மீண்டும் ஒரே விடை தரும். குறுக்கீட்டுமானியிலிருந்து திரும்பும் ஒளி லேசருக்குள் நுழைந்தால் இந்த ஒழுங்கெல்லாம் குலைந்துபோகும்; ஆகவே முழு அமைப்பையும் லேசர் அச்சுக்குச் சற்றே சாய்வாக வைக்க வேண்டும்.

படி 7: இடவழி ஓரியல் தன்மை

ஒரே கணத்தில் இரு வேறு இடங்களில் உள்ள அலைகளுக்கு இடையிலான தொடர்பை அளக்க, மைக்கல்சன் அமைப்புக்குப் பதிலாக யங்கின் இரட்டைப் பிளவு போதும். சோடியம் விளக்குக்கு முன் 0.2 மில்லிமீட்டர் அகலப் பிளவை மூலமாக வைத்து, அதிலிருந்து 50 சென்டிமீட்டர் தொலைவில் இரட்டைப் பிளவுகளை வைத்தால், அவற்றின் இடைவெளி 1.47 மில்லிமீட்டரை எட்டும்போது பட்டைகள் மறையும். கையில் உள்ள இரட்டைப் பிளவின் இடைவெளியை மாற்ற முடியாதென்றால், மூலப் பிளவின் அகலத்தை மாற்றியும் இதே வரைகோட்டைப் பெறலாம். மறைவைத் தாண்டியதும் பட்டைகள் திரும்பி வரும், ஆனால் நடுவில் பொலிவுக்குப் பதில் கருமை நிற்கும். தெளிவின் அளவை மட்டும் குறிப்பவர்கள் இந்தக் குறி மாற்றத்தைத் தவறவிடுவார்கள்.

மூலத்தின் கோண அகலமே பட்டைகள் மறையும் இடத்தை முடிவுசெய்கிறது என்ற இந்த விதியை வான் சிட்டர்ட்டும் செர்னிக்கேயும் 1930களில் பொதுவடிவில் நிறுவினார்கள். அதற்கு முன்பே, 1920 டிசம்பரில், மைக்கல்சனும் பீசும் மவுண்ட் வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கியின் முன் 20 அடி நீளச் சட்டத்தில் ஆடிகளை ஏற்றித் திருவாதிரை விண்மீனைப் பார்த்தார்கள். ஆடிகளின் இடைத்தூரம் ஏறத்தாழ 3.07 மீட்டரானபோது பட்டைகள் மறைந்தன; விண்மீனின் கோண விட்டம் 0.047 வில்விநாடி என்ற விடை அதிலிருந்து வந்தது. சூரியனுக்கு நேராக இதே சோதனையைச் செய்தால் இடைவெளி 70 மைக்ரோமீட்டர் அளவிலேயே பட்டைகள் மறைந்துவிடும்.

படி 8: தளவிளைவு அளவைப் பட்டைத் தெளிவால் அளத்தல்

செங்குத்தான இரு தளங்களில் அதிரும் கற்றைகள் குறுக்கிட்டுப் பட்டைகள் தருவதில்லை என்று ஃபிரெனலும் அராகோவும் 1819இல் வெளியிட்ட விதிகள் சொல்கின்றன. அந்த விதிகளில் அதிகம் நினைவுகூரப்படாத பகுதிதான் இங்கே வேண்டும்: தளவிளைவற்ற ஒளியிலிருந்து பிரித்த இரு செங்குத்துக் கூறுகளை ஒரே தளத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தாலும் பட்டைகள் வாரா, தளவிளைவுற்ற ஒளியிலிருந்து பிரித்தவற்றைத் திருப்பினால் வரும். அப்படியானால், பகுதி தளவிளைவுற்ற ஒளியில் எவ்வளவு தெளிவான பட்டைகள் வருகின்றன என்பதே தளவிளைவின் அளவாக வேண்டும்.

அமைப்பு மாக்–ஜெண்டர் வகையைச் சேர்ந்தது: ஒரு பிரிப்பானில் பிரியும் கற்றைகள் தனித்தனிப் பாதைகளில் சென்று வேறொரு பிரிப்பானில் ஒன்றுசேரும். ஆராய வேண்டிய ஒளியை நுண்துளை ஒன்றின் வழியே செலுத்தி இணைக்கற்றையாக்கி, தளவிளைவுக் கற்றைப் பிரிப்பானில் விட வேண்டும். கிடைமட்டக் கூறு ஊடுருவிச் செல்லும், செங்குத்துக் கூறு எதிரொளிக்கப்படும். எதிரொளிக்கப்பட்ட கரத்தில் வேண்டாத கிடைமட்ட ஒளி எப்போதும் கொஞ்சம் கலந்திருக்கும். செங்குத்தாக வைத்த தளவிளைவாக்கி ஒன்றால் அதை நீக்கிவிட வேண்டும். அந்தக் கரத்திலேயே அரை அலைத் தகட்டின் அச்சை 45 பாகையில் வைத்தால் செங்குத்து அதிர்வு கிடைமட்டமாகத் திரும்பும். மற்றக் கரத்தில் அதே வகைத் தளவிளைவாக்கியும் தகடும் அச்சு கிடைமட்டமாக இருக்கும்படி வைக்கப்பட வேண்டும். அவை அதிர்வைத் திருப்புவதில்லை, கண்ணாடித் தடிமனையும் ஒளியிழப்பையும் மட்டும் சமன்செய்கின்றன. பிறகு இரு கற்றைகளையும் சாதாரணக் கற்றைப் பிரிப்பானில் ஒன்றுசேர்த்து, கேமராவில் விழச்செய்ய வேண்டும்.

முதலில் ஒளியை 45 பாகையில் முழுத் தளவிளைவுறச் செய்து உள்ளே விட்டு, கரங்களின் பாதைகளைச் சமன்செய்து பட்டைகளைக் காண வேண்டும். இரு கரங்களையும் மாறி மாறி மறைத்துச் செறிவுகளை அளந்தால், அவை சமமாக இல்லாத அளவே கருவியின் சமனின்மை. பின்வரும் அளவீடுகளை அந்த விகிதத்தால் திருத்திக்கொள்ளலாம். இந்த ஒளிக்குத் தெளிவு 0.95க்குக் கீழே இருந்தால் நான்காம் படிக்குத் திரும்ப வேண்டும். பட்டைகளின் இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இதுவே கட்டத்தின் தொடக்கப் புள்ளி.

இனி உள்ளே விட்ட தளவிளைவாக்கியை எடுத்துவிட்டு, ஆராய வேண்டிய ஒளியையே விட்டு, பீசோ ஆடியை நகர்த்தித் தெளிவை அளக்கலாம். முதல் கரம் மட்டும் திறந்திருக்கும்போது செறிவு 60, இரண்டாவது மட்டும் என்றால் 40, இரண்டும் திறந்திருக்கும்போது செறிவு 130க்கும் 70க்கும் இடையே ஏறி இறங்குகிறது என்று கொள்வோம். செறிவுச் சமனின்மை, வேறுபாடு 20ஐக் கூட்டுத்தொகை 100ஆல் வகுக்க, 0.2. தெளிவு 60ஐ 200ஆல் வகுக்க, 0.3. தளவிளைவு அளவின் வர்க்கம் என்பது இவ்விரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை: 0.04, 0.09, ஆக 0.13, தளவிளைவு அளவு 0.36. இந்தச் சுருக்கமான விதி எங்கிருந்தோ வந்ததன்று. ஒளியின் தளவிளைவு நிலையை விவரிக்க ஸ்டோக்ஸ் 1852இல் வகுத்த நான்கு எண்களில் இரண்டாவது, இரு கூறுகளின் செறிவு வேறுபாடு. மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்து பட்டைகளின் வீச்சையும் கட்டத்தையும் தருகின்றன. பட்டைகள் தொடக்கப் புள்ளியிலிருந்து நகராமல் இருந்தால் எஞ்சிய தளவிளைவு 45 பாகைச் சாய்வில் உள்ளது. கால் பட்டை நகர்ந்திருந்தால் வட்டத் தளவிளைவு (அதிர்வின் திசை சுழன்றுகொண்டே இருக்கும் நிலை) கலந்திருக்கிறது. இரு கூறுகளின் செறிவும் சமமாக இருக்கும்படி அச்சுகளைத் தேர்ந்தெடுத்தால் தளவிளைவு அளவும் பட்டைத் தெளிவும் ஒரே எண்ணாகிவிடும்.

வெவ்வேறு தளவிளைவு நிலைகளில் உள்ள இரு கற்றைகள் ஒரே கட்டத்தில் இருக்கின்றன என்று எப்போது சொல்லலாம் என்ற கேள்விக்குத் தெளிவான விடை தந்தவர், பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணிபுரிந்த பஞ்சரத்தினம். இரண்டையும் ஒன்றுசேர்க்கும்போது செறிவு உச்சமடைந்தால் அவை ஒரே கட்டத்தில் உள்ளன என்ற அவருடைய 1956ஆம் ஆண்டு வரையறையையே, பட்டைகளின் இடத்தைக் கொண்டு கட்டத்தைப் படிக்கும் இந்தப் படியும் பயன்படுத்துகிறது. அப்போது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம்தான்.

விடையைச் சரிபார்க்க, குறுக்கீட்டுமானியை ஒதுக்கிவிட்டு, வட்டத் தளவிளைவை நேர்கோட்டுத் தளவிளைவாக மாற்றும் கால் அலைத் தகடும் சுழலும் தளவிளைவாக்கியும் கொண்டு ஸ்டோக்ஸ் எண்களை நேரடியாக அளந்து ஒப்பிடலாம். ஆறாம் படியின் லேசரை இங்கே விட்டுப் பார்ப்பதும் பயனுள்ளது. மோடுகள் சமமாக உள்ளபோது, பிரிப்பானின் அச்சுகளை எந்தக் கோணத்தில் வைத்தாலும் தளவிளைவு அளவு சுழிக்கு அருகில் வரும். ஒவ்வொரு மோடும் தனித்தனியே முழுத் தளவிளைவுற்றதுதான் என்றாலும், நொடிக்கு நூறு கோடி முறை மாறும் அவற்றின் கட்ட வேறுபாட்டைக் கேமரா சராசரியாக்கிவிடுகிறது. தளவிளைவு அளவு என்பது எவ்வளவு நேரத்துக்குச் சராசரி எடுக்கிறோம் என்பதையும் உள்ளடக்கிய எண்.

படி 9: மறைந்த தளவிளைவை மீட்டல்

கடைசிச் சோதனைக்கு, ஒளியச்சு பரப்புக்கு இணையாக வெட்டப்பட்ட 5 மில்லிமீட்டர் தடிமன் குவார்ட்ஸ் தகடு வேண்டும். எல்இடி ஒளியை 45 பாகையில் தளவிளைவுறச் செய்து, அச்சு கிடைமட்டமாக வைத்த இந்தத் தகட்டின் வழியே விட வேண்டும். குவார்ட்ஸின் இரு ஒளிவிலகல் எண்களின் வேறுபாடு சுமார் 0.009 என்பதால், இரு கூறுகளும் தகட்டைக் கடக்கும்போது ஒன்று மற்றதைவிடச் சுமார் 45 மைக்ரோமீட்டர் பின்தங்கிவிடும். எல்இடியின் தெளிவு 9 மைக்ரோமீட்டரிலேயே பாதியாகிவிடுவதால், தகட்டுக்குப் பின்னால் இரு கூறுகளுக்கும் இடையே தொடர்பே எஞ்சாது. தளவிளைவாக்கியைச் சுழற்றினால் செறிவு மாறாது. கால் அலைத் தகட்டைச் சேர்த்தாலும் மாறாது. ஸ்டோக்ஸ் எண்கள் அந்த ஒளியைத் தளவிளைவற்றது என்றே அறிவிக்கும். எட்டாம் படியின் குறுக்கீட்டுமானியிலும், கரங்கள் சமமாக உள்ளபோது, பட்டைகள் இரா.

இப்போது முந்திச் செல்லும் கூறு பயணிக்கும் கரத்தின் பாதையை மெல்ல நீட்டுங்கள். நீட்டிப்பு 45 மைக்ரோமீட்டரை நெருங்கும்போது பட்டைகள் எழத் தொடங்கி, தகடு இல்லாதபோது இருந்த தெளிவுக்கே உயர்ந்து, பிறகு மறையும். உச்சம் அமையும் இடம், ஒற்றை அலைநீளத்துக்கான 0.009ஐத் தடிமனால் பெருக்கிய எண்ணைவிட ஓரிரு மைக்ரோமீட்டர் கூடுதலாகவே இருக்கும். ஒளிவிலகல் எண் வேறுபாடு அலைநீளத்தோடு மாறுவதால், அலைத்தொகுதியின் பின்தங்கல் தனி அலையின் பின்தங்கலைவிடச் சற்று அதிகம். உச்சத்தின் இடத்தை அரை மைக்ரோமீட்டர் துல்லியத்தில் கண்டுவிட்டால், தகட்டின் தடிமனைத் திருகு அளவியால் அளந்து, அந்தத் தொகுதி வேறுபாட்டையே ஒரு விழுக்காட்டுக்கு அருகிலான துல்லியத்தில் கணக்கிட்டுவிடலாம்.